கடிகாரம் போட்ட மார்க்

மார்ச் 3
இவருக்கு இன்று 91 மார்க். எழுந்ததும் பல்கூட விளக்காமல் கைக்கடிகாரத்தைத்தான் பார்க்கிறார். இதயம், தூக்கம், நடை எல்லாவற்றையும் கூட்டி அது தினமும் ஒரு மார்க் போடுகிறது. முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக மார்க் போட்ட மனுஷன்! குறைந்தால் அன்று அவரிடம் யாரும் வாய் திறக்க முடியாது.

மார்ச் 9
படி ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை. "டாக்டர்கிட்ட போலாம், வாங்க." கையைத் திருப்பிக் கடிகாரத்தைக் காட்டினார். "பச்சை. பாத்துக்கோ."
ஐயோ, வலிக்குதா இல்லையான்னு உங்க நெஞ்சுக்குத் தெரியாதா?

மார்ச் 10
மறுபடியும் வலி. மகள் போனில் அழுதாள். "என் பேச்சையாவது கேளுப்பா." கேட்கவில்லை. யார் சொன்னால்தான் கேட்பார்?

மார்ச் 11
செய்துவிட்டேன். குளிக்கப் போகும்போது கழற்றி வைத்தார். அதை நான் கட்டிக்கொண்டு மாடிப்படியில் ஓடினேன் — நாலு மாடி, இரண்டு தடவை. என் மூட்டு வலியோடு. ஒருவழியாகச் சிவப்பு வந்தது: உடனே மருத்துவரைப் பாருங்கள். வேர்வையைத் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்தேன். வந்து பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு டாக்டரிடம் கிளம்பினார்.

மார்ச் 12
மூன்று அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா ஆளே இல்ல" என்றார் டாக்டர். இவர் படுத்தபடியே கடிகாரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். "இதுதான் என்னைக் காப்பாத்துச்சு."

ஏப்ரல் 2
மாத்திரையை நிறுத்திவிட்டார். 94 வருதாம், மாத்திரை எதுக்காம். நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் என்று டாக்டர் தலைதலையாக அடித்துக்கொண்டாரே!

ஏப்ரல் 4
உண்மையைக் கொட்டிவிட்டேன். ஓடினது நான், சிவப்பு வந்தது என்னால. கையை ஓங்கிக்கொண்டு வருவார் என்று நினைத்தேன். கடிகாரத்தைத் தடவிக்கொண்டே சிரித்தார்.
"பைத்தியமே, உன்னை ஓட வெச்சது யாருன்னு நினைக்கிற?"
நான் எந்தச் சுவத்துல போய் முட்டிக்கிறது?

ஏப்ரல் 5
காலில் விழாத குறைதான். கடைசியில் கொஞ்சம் இறங்கி வந்தார். "நீயும் ஒண்ணு கட்டிக்கோ. சும்மா இல்ல, நம்பிக் கட்டணும். அப்ப மாத்திரை போடுறேன்."

ஏப்ரல் 6
கட்டிக்கொண்டேன். மாத்திரை போட்டார்.

ஏப்ரல் 27
இவர் ஒரு வேளை மாத்திரைகூடத் தப்பவிடவில்லை. எனக்கு இன்று 68. நேற்று 74 இருந்தது. மகள் இரண்டு தடவை கூப்பிட்டாள், எடுக்கவில்லை. காலையிலிருந்து உட்கார்ந்து யோசிக்கிறேன் — அப்படி என்ன தப்பு செய்தேன்?