நான் மிச்சம் பிடித்த கரண்ட்

14 செப்டம்பர் 2004, செவ்வாய்

வேலையில் சேர்ந்ததிலிருந்தே என் லேப்டாப் மெதுவாகத்தான் ஓடியது. நான் ஒரு ஃபைலைத் திறப்பதற்குள் பக்கத்து சீட் ஜெனிஃபர் டீ குடித்துவிட்டே வந்துவிடுவாள். என்னை வேலையில் நிரந்தரமாக்குவதா என்று வெள்ளிக்கிழமை முடிவு செய்கிறார்கள். மேனேஜர் என்னை "ஸ்லோ" என்று சொன்னதாகக் கேள்வி.

இன்று சிஸ்டம் பார்க்கும் மஞ்சுநாத் வந்தார். பவர் செட்டிங்கைத் திறந்ததும் சிரித்துவிட்டார்.

"யாரும்மா இது? சார்ஜர் போட்டே இருக்கு, ஆனா பேட்டரி மிச்சம் பண்ற மாதிரி வெச்சிருக்காங்க. பாவம், மெஷின் அரை வயித்தோட ஓடுது."

நான்தான் வைத்தேன். ஆபீஸ் பொருளாயிற்றே, கரண்டை வீணாக்கக் கூடாது என்று சேர்ந்த வாரமே மாற்றினேன். வீட்டில் ஆளில்லாத அறையில் பல்பு எரிந்தால் அப்பா சும்மா விடமாட்டார். ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"உனக்கு முன்னாடி இந்த லேப்டாப்பை ஜெனிஃபர்தானே வெச்சிருந்தா?" என்றார், சிரிப்புச் சத்தம் கேட்டு வந்த மேனேஜர்.

"ஐயோ சார், நான் தொடவே இல்ல, சத்தியமா!" என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்போ ஸ்லோ நீ இல்லம்மா, உன் மெஷின்தான்" என்றார் மேனேஜர் என்னிடம். இத்தனை நாள் நான் ஏங்கிய வார்த்தை அது.

மாலை பஸ்ஸில் ஜெனிஃபர் வழக்கம்போல எனக்கு ஜன்னல் சீட் பிடித்து வைத்திருந்தாள். "கன்ஃபர்ம் ஆயிடுவ போலடி, ட்ரீட் எப்போ?" என்றாள். லிங்கராஜபுரம் வரை வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கு முன் மேனேஜரிடம் சொல்ல வேண்டும். அதற்கும் முன் ஜெனிஃபரிடம். நாளை பஸ் ஏறியதும், நின்றுகொண்டே சொல்லிவிட வேண்டும். அவள் பிடித்து வைத்த சீட்டில் உட்கார்ந்துவிட்டால் சொல்ல மாட்டேன்.