ஏரிமேல் போட்ட பாலம்

புதன்கிழமை, இரவு.

நான் வடிவமைத்த செயலியை இன்று பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் சோதித்தோம். ஃபோனை நீட்டினால் எதிரே உள்ள ஏரி தெரியும். அதன்மேல் மெல்ல ஒரு கற்பனைப் பாலம் எழும். எது நிஜமென்று பிரிக்க முடியாதபடி இழைத்திருந்தேன்.

கூட வேலை பார்க்கும் கவிதா, திரையைப் பார்த்தபடியே அந்தப் பாலத்தில் கால் வைத்தாள். "கவி, நில்லுடி!" என்று கையைப் பிடித்து இழுப்பதற்குள் முழங்கால்வரை சேற்றில் இறங்கிவிட்டாள். கரையேறிச் சிரித்தாள். "நிஜப் பாலம்னே நினைச்சுட்டேன்டி."

மேனேஜரிடம் சொன்னேன். "அதான் நமக்கு வேணும். திங்கட்கிழமை ரிலீஸ். எதையும் மாத்தாதீங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும், ஃபோன் பிடித்தவர் தண்ணீருக்கு மூன்றடி தூரத்தில் வரும்போதே பாலம் மறையும்படி மாற்றிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. வேலை போகலாம். அதைவிடப் பெரிய பயம், ஓடிவரும் பிள்ளைக்கு மூன்றடி எந்த மூலைக்கு?