டீசலா பெட்ரோலா என்று அப்பா மறுபடி கேட்டால்

அன்பு மகள் வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும், அதனால் எழுதிவிட்டேன், ஆனால் நான் சௌக்கியமாக இல்லை, பயந்து போயிருக்கிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் எப்போதும் அப்பா கையில், நீ கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், நீ அனுப்பும் செய்தியைக்கூட அவர்தான் எனக்கு வாசித்துக் காட்டுகிறார், பிறகு அவரைப் பற்றி அவருக்குத் தெரியாமல் உன்னிடம் எப்படிச் சொல்வது? இப்போது முடிவெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார். கீழ்வீட்டுத் தையல்கார அக்காவின் கடையில், துணி வெட்டும் மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கூரியரில் போட்டால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் உன் கையில் கிடைத்துவிடும் என்று அக்கா சொன்னாள். உள்ளே என்ன எழுதுகிறேன் என்று அவளுக்குத் தெரியாது.

டீசல் கார் வாங்கலாமா பெட்ரோல் கார் வாங்கலாமா என்று போன வாரம் அப்பா உன்னைக் கேட்டாரே, நீயும் ஓட்டம் அதிகம்னா டீசல்தான்பா, இல்லேன்னா பெட்ரோலே போதும் என்று சொன்னாய். நீ சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, ஆனால் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படித்தே வேலைக்காலத்தைக் கழித்தவர் அல்லவா, எதைப் பார்த்தாலும் எவ்வளவு ஓடுகிறது என்றுதான் முதலில் கேட்பார். டீசல் வண்டி வாங்கும்போதே விலை கூட, சர்வீசுக்கு விட்டாலும் கூடத்தான் கேட்பார்கள், ஆனால் அதே ஒரு லிட்டரில் பெட்ரோல் வண்டியைவிட அதிக தூரம் போகும், ஆகையால் தினமும் நிறைய ஓட்டினால்தான் போட்ட பணம் திரும்பி வரும், மார்க்கெட்டுக்குப் போய்வர டீசல் வாங்குகிறவன் முட்டாள். இதெல்லாம் எனக்குப் பாடம் நடத்தி நடத்தி எனக்கே மனப்பாடம். வேறு யாராக இருந்தாலும் நமக்கு ஓட்டம் குறைவு, பெட்ரோல் போதும் என்று முடித்திருப்பார்கள். உன் அப்பா டீசல்தான் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குத் தேவையான ஓட்டத்தைத் தேடிப் போனார். தேடிப் பிடித்தும் விட்டார். ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்கு நர்சுகளைக் காலையில் கொண்டுபோய் விட்டு சாயங்காலம் அழைத்து வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார், நெடுஞ்சாலையில் ஏறி இறங்க வேண்டிய தூரம். அதில் ஒருத்தி இந்தத் தையல்கார அக்காவின் மகள். அவளுக்கு இது ஆறாம் மாதம், பஸ்ஸில் நின்றுகொண்டு போக முடியவில்லை, முன் சீட்டு உனக்குத்தாம்மா, காலை நீட்டி உக்காந்துக்கோ என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதிலிருந்து அக்கா அவரைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. இதோ என் எதிரில் மிச்சத் துணியில் சின்னச் சின்னதாய்ச் சட்டை தைத்துக்கொண்டிருக்கிறாள், என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்கு இடப்பக்கம் தெரியவில்லை, வாலு. கண் மங்கல் என்று நினைக்காதே, மங்கல் இல்லை, நேரே இருப்பது நன்றாகத் தெரிகிறது, இடப்பக்கம் இருப்பது அவரைப் பொறுத்தவரை இல்லவே இல்லை. எனக்கே மழை பெய்த அன்றைக்குத்தான் தெரிந்தது. நம் பழைய காரில் மருந்துக் கடைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். மஞ்சள் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு ஒரு பெண் ஸ்கூட்டரில் எங்களுக்கு இடப்பக்கமாகவே வந்துகொண்டிருந்தாள், அந்தத் தெரு நெடுக வந்தாள், அவ்வளவு மஞ்சள், குருடனுக்குக்கூடத் தெரியும் என்று சொல்வோமே அப்படி. நம் தெருவுக்குத் திரும்பும் இடத்தில் அப்பா அவள் மேலேயே வண்டியை ஒடித்துவிட்டார். நான் போட்ட சத்தத்தில் பிரேக் அடித்தார், அவள் சாய்ந்து காலை ஊன்றி நின்றுவிட்டாள், கண்ணாடியை ஓங்கித் தட்டித் திட்டிவிட்டுப் போனாள். எங்கிருந்து வந்தா இவ, வானத்துல இருந்து குதிச்சாளா என்று அப்பா கேட்டார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே திகைத்துப் போயிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் இது கவனக்குறைவு இல்லை என்று எனக்குப் புரிந்தது.

அதன் பிறகு அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். சாப்பிடும்போது தட்டில் இடப்பக்கம் வைத்த காயைத் தொடவே இல்லை, என்ன இன்னிக்கு வெறும் சோறுதானா, காய் வாங்கவே மறந்துட்டியா என்று கேட்டார். நான் தட்டைத் திருப்பி வைத்தேன். ஆங், இப்ப வச்சியே, இதை முதல்லயே வச்சா என்ன என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் சமையலறைக்குப் போய் அழுதேன். குளியலறைக் கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டு கதவு மாட்டின ஆசாரியைத் திட்டுகிறார், அந்தக் கதவு நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து அங்கேயேதான் இருக்கிறது. காரில் போனால் இப்போது நான்தான் அவருக்கு இடப்பக்கம். அதையும் நேரடியாகச் சொன்னால் எரிந்து விழுவார் என்று ஊர்க்கதை பேசுகிற மாதிரி சொல்லிக்கொண்டே வருகிறேன். அந்த சைக்கிள்காரர் கூடையில எவ்வளவு பூசணிக்காய் பாருங்க, ஐயோ அந்த நாய் என்ன வெள்ளை பாருங்க என்று வாய் ஓயாமல் பேசுவேன், அவரும் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார். உங்கம்மா வண்டியில ஏறினா ரேடியோ வேண்டாம் என்று அவர் உன்னிடம் கேலி செய்தாரே, நீயும் விழுந்து விழுந்து சிரித்தாயே, அந்த ரேடியோ இதுதான். இனி அந்த சீட்டில் நர்சுப் பெண் உட்காரப் போகிறாள். நாளெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டு வருகிறவள் ஏறியதும் தூங்கிவிடுவாள். பூசணிக்காயையும் நாயையும் அவருக்கு யார் சொல்வது?

நான் சும்மா இருந்துவிடவில்லை. புதுக் கண்ணாடி போட வேண்டும் என்று சாக்குச் சொல்லிக் கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போனேன். அங்கே எழுத்தை எல்லாம் கடகடவென்று வாசித்துவிட்டு, பார்த்தாயா என்பதுபோல் என்னைப் பார்த்தார். மறுநாள் நான் மட்டும் போய்க் கடைக்காரரிடம் மழைக்கோட்டையும் தட்டையும் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. நான் சோதிச்சது நேர்ப் பார்வைம்மா, நீங்க சொல்றது வேற, தலைக்குள்ள ரத்த ஓட்டத்துல கோளாறுன்னாலும் இப்படி ஒரு பக்கம் தெரியாம போகும், தள்ளிப்போடாம பெரிய டாக்டர்கிட்ட காட்டுங்க, அதுவரைக்கும் வண்டியைத் தொட விடாதீங்க என்றார். வீட்டுக்கு வந்து மெதுவாகச் சொன்னேன். உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? ஃப்ரிட்ஜ் வாங்கினப்போ அந்தச் சத்தத்துல தூக்கம் வராதுன்ன, வாஷிங் மெஷினுக்குத் துணி கிழியும்ன, இப்ப காருக்கு என் கண்ணையே நொள்ளைங்குறியா என்றார். நான் எதை வாங்கினாலும் வேண்டாம் என்கிறவள் என்று பெயர் எடுத்தவள், அதனால் இப்போது நான் சொல்வது எதுவும் எடுபடவில்லை. சாவியை அரிசி டப்பாவில் ஒளித்துப் பார்த்தேன், இன்னொரு சாவி அவர் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது. திங்கட்கிழமை டீசல் வண்டிக்கு முன்பணம் கட்டப் போகிறார்.

இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது நான் உன்னிடம் கேட்க நினைத்தது ஒன்றுதான். பெட்ரோல்தான் சரி என்று சொல்லிவிடு, மகள் சொன்னால் மறுபேச்சு இருக்காது, பெட்ரோல் வண்டியில் அந்த நர்சு ஓட்டம் கட்டுப்படி ஆகாது என்று அவரே விட்டுவிடுவார், பெட்ரோல் செலவுக்குப் பயந்து வண்டியைப் பாதி நாள் வெளியில் எடுக்க மாட்டார் என்று கணக்குப் போட்டிருந்தேன். எழுதிக்கொண்டே வரும்போதுதான் உறைக்கிறது, அந்த மஞ்சள் கோட்டுக்காரி எதிர்ப்பட்டது நெடுஞ்சாலையில் இல்லை, நம் தெரு முனையில், போனது மருந்துக் கடைக்கு. குறைவாக ஓட்டினாலும் அவளைப் போல இன்னொருத்தி வருவாள். அதனால் டீசலும் சொல்லாதே, பெட்ரோலும் சொல்லாதே. டாக்டரைப் பார்க்காமல் எந்த வண்டியும் வேண்டாம் என்று நீ சொல்ல வேண்டும். வெறுமனே சொன்னால் அம்மா ஏற்றிவிட்டாள் என்பார், அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் கூப்பிடு. வழக்கம்போல அப்பா சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் ஜாடி மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு பேசுவார். நான் அவருக்கு இடப்பக்கத்து நாற்காலியில், கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பேன். உனக்கு நான் நன்றாகத் தெரிவேன், தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளாதே. அம்மா எங்கப்பா என்று மட்டும் கேள். அவர் வலப்பக்கம் சமையலறையைப் பார்த்துத் திரும்பி என்னைக் கூப்பிடுவார். நான் குரல் கொடுக்க மாட்டேன். என் முகம் எப்படிப் போனாலும் நீ பேசிவிடாதே, இரண்டு மூன்று தரம் கூப்பிடட்டும். அப்புறம் சொல், அம்மா உங்க பக்கத்துலதான்பா இருக்காங்க என்று. என் பேச்சை நம்பாதவர் அதை நம்பியே ஆக வேண்டும். பாவம், ரொம்பப் பயந்துவிடுவார், நீ அதட்டாதே, டாக்டரிடம் போகும் நாளை மட்டும் அவர் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டுப் போனை வை. அதற்கும் மசியவில்லை என்றால் அக்காவிடம் எல்லாவற்றையும் நானே உடைத்துச் சொல்லிவிடுவேன், அவர் என்னோடு பேசாமல் போனாலும் பரவாயில்லை.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, மாப்பிள்ளையையும் நேரத்துக்குச் சாப்பிடச் சொல். நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நிறைய வருஷம் ஒருவருக்கொருவர் துணையாக இருக்க வேண்டும் என்று மனசார வாழ்த்துகிறேன். ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே. நீ சொல்லி முடித்ததும் நான் அவருடைய இடது கையைப் பிடித்துக்கொள்வேன், நான் அங்கே இருப்பது அவருக்கு அப்போதுதான் தெரியும்.

உன்
அம்மா