கடைசி 3

பிப்ரவரி 6
அச்சகத்தில் புரூஃப் பார்க்கச் சேர்ந்து இரண்டு மாதம். சோதனைக் காலம் முடிய இன்னும் ஒன்று. இன்று கைக்கு வந்தது ஒரு கணக்கு டீச்சர் எழுதிய புத்தகம். தலைப்பே ஓர் எண்: 73939133. பகா எண். வலக்கோடியிலிருந்து ஒவ்வோர் இலக்கமாக உதிர்த்தால் — 7393913, 739391, 73939, 7393, 739, 73, 7 — மிஞ்சுவதெல்லாம் பகா எண்கள்தான்! இந்த வகையில் இதுதான் மிகப் பெரியது. வாலில் இன்னோர் இலக்கத்தை ஒட்டிப் பார், எதை ஒட்டினாலும் பகு எண்ணாகிவிடும். சாப்பாடு ஆறிப்போனதே தெரியவில்லை.

பிப்ரவரி 9
குளிக்கும்போதும் அதையே முணுமுணுத்திருக்கிறேன். கதவுக்கு வெளியே தங்கை: "அக்கா, யாரு நம்பர் அது?" சிரிப்புதான் வந்தது.

பிப்ரவரி 19
அட்டை அச்சாகி, மாதிரிக்கு ஒன்றை வெட்டி அனுப்பினார்கள். அதிலிருந்த எண்ணைக் கணினியில் போட்டுச் சோதித்தேன். பகா எண்தான். சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன்.

பிப்ரவரி 21
இரண்டாயிரம் அட்டையும் வெட்டியாகிவிட்டது. அதற்கப்புறம் கட்டர் அண்ணன் அடுக்கைத் தட்டிக்கொண்டே கேட்கிறார்: "ஏம்மா, உள்தாள் புரூஃப்ல எட்டு இலக்கம் போட்டிருக்கு, அட்டையில ஏழுதானே இருக்கு?"
ஏழுதான். கடைசி 3 ஓரத்தோடு போய்விட்டது. வேறு எண்ணாக இருந்தால் அநேகமாகச் சோதனையில் மாட்டியிருக்கும். இதுவோ உதிர்ந்தும் தேறிவிட்டது! ஐயோ, ஒண்ணு ரெண்டுன்னு விரல்விட்டு எண்ணியிருந்தாப் போதுமே...
முதலாளி என் கையெழுத்தையே பார்த்தார். "டீச்சர் நாளைக்கு வராங்க. நீயே சொல்லு. அவங்க சொல்றதைப் பொறுத்துதான் உன் வேலையும்."

பிப்ரவரி 22
ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன், கணினியில் சோதித்ததையும். டீச்சர் முகம் வாடியது. பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன் — சிரிப்பு!
"இந்த எண் என்ன செய்யும்னு நூத்தியிருபது பக்கம் எழுதியிருக்கேன். நீங்க ஒரே வெட்டுல காட்டிட்டீங்களே!"
"அப்போ அந்த மூணு?" என்றார் முதலாளி.
என் வாய் முந்திக்கொண்டது. "உள்தாள் இன்னும் அச்சாகலை சார். முதல் பக்கத்துல அது மட்டும் தனியா நிக்கட்டும். அட்டையைத் திறந்தா மூணு."
டீச்சர் மேசையைத் தட்டினார். "வைங்க! தேடுறவங்க திறந்து பாக்கட்டும்."

மார்ச் 7
சோதனைக் காலம் முடிந்தது. மேசை இழுப்பறைச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

அக்டோபர் 17
இரண்டாம் பதிப்பு. கட்டர் அண்ணன் அளவுகோலோடு வந்து நின்றார்.
"இந்தத் தடவை எட்டும் நிக்கிற மாதிரி வெட்டிடட்டுமா?"
"வேண்டாம்ணே. போன தடவை மாதிரியே மூணு போகணும்."
"தப்பா வெட்டுறது சுலபம்மா. அதே தப்பை அளந்து வெட்டணும்னா உயிர் போகுது" என்று முனகிக்கொண்டே போய், முதல் அட்டையை வெட்டிக்கொண்டு வந்தார்.
விரல்விட்டு எண்ணினேன். ஏழு.
கையெழுத்துப் போட்டேன்.