மாப்பிள்ளை, மதகைத் திறந்துவிட்டார்கள்

என் அன்புக்குரிய மாப்பிள்ளை ராஜேந்திரனுக்கு,

காவிரியில் எங்கள் கண்ணம்பாடி அணை நிரம்பி, ஆடி பிறந்ததும் மதகைத் திறந்துவிட்டார்கள். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? பல் விளக்கும் முன்பே போன் வருமே, "மச்சான், உங்க டேம்ல இன்னைக்கு எத்தனை அடி?" என்று. என்னவோ அணையின் சாவி என் இடுப்பில் தொங்குகிற மாதிரி! நான் மைசூருக்குப் பிழைக்க வந்த ஃபேக்டரித் தொழிலாளி, ஐயா. அது மட்டும் கடைசி வரை உங்கள் மண்டையில் ஏறவே இல்லை.

என் பழக்கம் உங்களுக்குத் தெரியும். இங்கே மைசூரில் அக்ரஹாரம் ஏரியா டீக்கடையில், "உங்க ஊர்க்காரங்களுக்கு எவ்வளவு தண்ணி விட்டாலும் போதாதா?" என்பார்கள். நான் சிரித்து மழுப்பிவிட்டு, உங்களிடம் "இங்க எல்லாரும் தன்மையாத்தான் பேசுறாங்க" என்பேன். உங்கள் கோபத்தையும் பாதியாக்கித்தான் அவர்களிடம் சொல்வேன். இரண்டு ஊருக்கும் நடுவில் குடியிருப்பவன் வேறு என்ன செய்வான்? நீங்களோ கண்டுபிடித்துவிட்டீர்கள். "ரெண்டு பக்கமும் சர்க்கரை போட்டு ஆத்துறீங்க மச்சான். ஒரு நாளாவது சொன்னதைச் சொன்னபடி சொல்லுங்களேன்."

மாசியில் நீங்கள் கண்மூடியபின் தங்கை செல்வியை என் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன். கும்பகோணம் பக்கத்து உங்கள் வயல் தரிசாகக் கிடந்தது. உங்கள் தம்பி குத்தகைக்குக் கேட்டார். "குடுத்துருங்க, எனக்கென்ன இனிமே" என்றாள். டிவியில் ஆற்றைக் காட்டினால் எழுந்து உள்ளே போய்விடுவாள். உங்களோடு சேற்றில் நின்றவள் மாப்பிள்ளை அவள்! அந்த வயலையும் விட்டுவிட்டால் என் தங்கைக்கு என்ன மிஞ்சும்? எனக்குப் பயமாக இருந்தது.

அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாட்டேன் மாட்டேன் என்றவளை ஸ்கூட்டரில் உட்கார வைத்து அணைக்குக் கீழே ஆற்றோரம் கூட்டிப்போனேன்.

ஐயோ மாப்பிள்ளை, அதை எப்படிச் சொல்வேன்! ஆறு கண்ணில் படும் முன்பே சத்தம் வந்துவிட்டது. வண்டியை நிறுத்திக் கால் ஊன்றினால் தரை அதிர்கிறது. செம்மண் நிறத்தில், கரைக்குக் கரை, மூச்சு விடாமல் போகிறது தண்ணீர். வெயில் அடிக்கும்போதே சாரல் முகத்தில் விழுகிறது. இதையா நாம் போனில் அடிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தோம்? இதற்கா கோர்ட்டு, பந்த், பஸ் மறியல்? வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

படித்துறையில் போலீஸ் கயிறு கட்டியிருந்தது. மண்டியா பக்கத்து விவசாயப் பெண்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று முறத்தில் வளையல், மஞ்சள், கருகமணி வைத்து ஆற்றுக்குக் கொடுத்தார்கள். இங்கே அதற்குப் பாகினா என்று பெயர். நம் ஆடிப்பெருக்குச் சாமான்கள்தான் அத்தனையும். சுமங்கலிகள் கொடுப்பது என்பதால் செல்வி என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டாள்.

அதில் ஒரு அம்மா அவளைக் கவனித்துவிட்டு, யார், எந்த ஊர் என்று கன்னடத்தில் என்னைக் கேட்டார். என் தங்கை, கும்பகோணம் பக்கம் விவசாயம் என்றேன். அந்த அம்மா செல்வியை நேராகப் பார்த்துச் சொன்னார்: "போன வறட்சியில இந்தத் தண்ணிய விடக் கூடாதுன்னு ரோட்டுல உட்கார்ந்தவ நான். அடுத்த வறட்சி வந்தாலும் உட்காருவேன். என் பயிரும்தானே காஞ்சுது?"

நான் செல்வியிடம், "நல்லா இருக்கணும்னு வாழ்த்துறாங்கம்மா" என்றேன்.

"அது வாழ்த்துற மூஞ்சியாண்ணே? அவங்க சொன்னத அப்படியே சொல்லு."

அச்சு அசல் உங்கள் குரல்! சொல்லிவிட்டேன். செல்வி முன்னால் வந்தாள்.

"உட்காரச் சொல்லுண்ணே. எங்க வயல் காஞ்சப்ப நானும் எங்க வீட்டுக்காரரும் எங்க ஊரு ரோட்டுல உட்கார்ந்தோம். அவரு இல்லன்னாலும் நான் உட்காருவேன். அதையும் சொல்லு."

ஒரு சொல் குறைக்காமல் கன்னடத்தில் சொன்னேன். போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன். அந்த அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த விதைநெல்லை அவிழ்த்து, செல்வியின் கையைப் பிடித்து நிறையக் கொட்டினார். "பாகினாதான் சுமங்கலிக்கு. இதை யார் வேணா போடலாம், போடு தாயி."

ரோட்டில் உட்காருவேன் என்ற இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆற்றைக் கும்பிட்டார்கள் மாப்பிள்ளை. யாரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. என் கண் நிறைந்துவிட்டது. செல்வி பாதி நெல்லை ஆற்றில் விட்டாள். மீதியைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

திரும்பும் வழியில் கேட்டாள்: "இந்தத் தண்ணி நம்ம வாய்க்காலுக்கு எப்பண்ணே வரும்?"

மறுநாளே ஊருக்கு பஸ் ஏறிவிட்டாள். குத்தகைப் பேச்சு முடிந்தது. நாற்றங்காலில் ஒரு மூலையில் அந்த மண்டியா நெல்லைத் தனியாகத் தெளித்திருக்கிறாளாம். பச்சை கட்டிவிட்டதாம். இன்று காலை நான் பல் விளக்கும் முன்பே போன் அடித்தது.

"அண்ணே, உங்க டேம்ல இன்னைக்கு எத்தனை அடி?"

சொன்னேன் மாப்பிள்ளை. ஏறினாலும் இறங்கினாலும், இந்த ஊர் என்ன பேசினாலும், இனி தினமும் அவளிடம் உள்ளபடி சொல்வேன். சர்க்கரை போட மாட்டேன்.

என்றும் உங்கள் போனுக்குக் காத்திருக்கும்,
செல்வியின் அண்ணன், உங்கள் மச்சான்.