சம்பந்தியும் பந்தும்

புதன்கிழமை, இரவு.

பக்கவாதத்தில் விழுந்த வலது கையைப் பழக்க இன்றும் தென்னூருக்குப் பிசியோதெரபிக்குப் போனேன். அங்கே தோள் இறுகிப்போய் ஸ்ரீரங்கத்துச் சம்பந்தி உட்கார்ந்திருந்தார். மகள் கல்யாணத்தில் சாம்பாருக்காக மூண்ட சண்டை. மூன்று வருஷமாகப் பேச்சில்லை. அது தெரியாத தெரபிஸ்ட் பெண், "ரெண்டு பேரும் எதிரெதிரா உக்காந்து பந்து போட்டுப் பிடிங்க" என்றாள்.

சோற்றைக்கூட ஒழுங்காக அள்ளாத கை, பந்தை நேராக அவர் மூக்கில் எறிந்தது. நானே திகைத்துப்போனேன். மூக்கைத் தேய்த்துக்கொண்டே, "கை நல்லாத் தேறிடுச்சு சம்பந்தி" என்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் பந்து என் வயிற்றில் வந்து விழுந்தது.

"எனக்கும் தோள் தேவலை போல" என்றார்.

அரைமணி நேரம் எறிந்துகொண்டோம். கிளம்பும்போது, "நாளைக்கும் வரீங்கல்ல?" என்று கேட்டார். எனக்கு இனி வெள்ளிக்கிழமைதான் முறை. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.