தர்ஷனுக்கு அவுட் கொடுத்த கதை

அன்பு மகன் பிரதாப்புக்கு, மாரியம்மன் தயவில் இங்கே உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் கட்டார் வெயிலில் வாடாமல் சுகமாக இருக்க அவளையே வேண்டுகிறேன். போனில் பேசினால் உன் அம்மா பிடுங்கிக்கொண்டு அழுகிறாள், அதனால் ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும் மேர்வின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மழை விடவில்லை, தேயிலைக் கொழுந்தும் குறைவு, என் முழங்கால் படியேற மறுக்கிறது.

வருஷப்பிறப்பு எல்லே மேட்சில் நடந்ததை யார் யாரோ எப்படியெப்படியோ உனக்குச் சொல்லியிருப்பார்கள். ஒரு காலத்தில் இறம்பொடை, கொத்மலைத் தோட்டங்களெல்லாம் லொறி அனுப்பி, கூலி கொடுத்து என்னை ஆடக் கூட்டிப்போனார்கள், இந்தப் பக்கத்தில் எல்லே ஆடிக் காசு வாங்கிய முதல் ஆள் உன் அப்பன்தான். கால் போனபின் விசிலைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்குக் கைதட்டினவர்களே இன்றைக்கு வைகிறார்கள், அம்பயருக்கு வேறென்ன கிடைக்கும். இந்த வருஷம் ஃபைனல் நம்ம தோட்டத்து இரண்டு பிரிவுக்குள்ளேயே, நம்ம மேல்கணக்குக்கும் கீழ்கணக்குக்கும். கடைசி அடி தர்ஷன், உன் செல்லசாமி மாமா மகன், வைகாசியில் உன் தங்கச்சி நிஷாந்திக்குப் பரிசம் போட வரவேண்டியவன். மூங்கில் தடியால் ஓங்கி அடித்துவிட்டு ஓடினான், கடைசிக் கம்பத்தைத் தொடுமுன் கீழ்கணக்குக்காரன் எறிந்த பந்து அவன் முதுகில் உரசிப் போனது. ஓடுகிறவன் மேல் பந்து பட்டால் அவுட்தானே, விசில் ஊதிக் கொடுத்துவிட்டேன், மேல்கணக்கு தோற்றது. மருமகனாக வரப்போகிறவனுக்கு நான் ஊதமாட்டேன் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள் போல.

அன்றிலிருந்து லயத்து வீடுகளில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கோயிலில் நாலு பேர் முன்னால் நான் தப்பாகக் கொடுத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் பரிசம் நடக்கும், இல்லையென்றால் இல்லை என்று மாமா சொல்லியனுப்பினார். பந்து பட்டது தர்ஷனுக்குத் தெரியும், ஆனால் அப்பனை மீறி வாய் திறக்கமாட்டான். உன் அம்மா சோற்றை வைத்துவிட்டுப் பேசாமல் போகிறாள். எனக்கு அலுத்துவிட்டது மகனே. ஒரு விளையாட்டுக்காகப் பெண்பிள்ளை வாழ்க்கையைக் கெடுப்பதா என்று, போன வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டு வந்துவிடலாமென்று சட்டையை மாட்டினேன். எங்கே போகிறேன் என்று நிஷாந்திக்குத் தெரிந்துவிட்டது. குடையைத் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "நானும் கம்பத்துக்கிட்டதான்ப்பா நின்னேன். பட்டுச்சு" என்றாள். சட்டையைக் கழற்றிவிட்டேன். அப்புறம் அவள் அடுப்படியில் அழுதது கேட்டது, எனக்கு எழுந்து போகத் தெம்பில்லை.

வேளைக்குச் சாப்பிடு, வெறும் டீயிலேயே பொழுதை ஓட்டாதே. அப்பாவுக்குப் புத்தி சொல் என்று அம்மா அழுதால் கேட்டுக்கொள், எதிர்த்துப் பேசாதே. தங்கச்சியோடு ஒருநாள் தனியாகப் பேசு. அம்மாவும் நானும் உன்னை மனசார வாழ்த்துகிறோம், அம்மன் உனக்குத் துணையிருப்பாள். வைகாசிக்கு லீவு கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அப்பா முத்துலிங்கம்